பார்க்கக் கூடாத முகம்

என் மாமனார் முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை. லெசோத்தோவில், எங்கள் மலையில், மருமகளுக்கு அது கூடாது. அவர் பெயரையும் வாயில் எடுக்கக் கூடாது. ஏழு வருஷமாக இதில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தங்கச் சுரங்கத்திலிருந்து அவர் கொண்டுவந்தது வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய். என் புருஷன் இன்னும் அந்தச் சுரங்கத்தில்தான் இருக்கிறான். ஆகவே மாத்திரை கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. காலையில் எழுந்ததும் மாத்திரைகளையும் தண்ணீரையும் வைப்பேன். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மடக் மடக்கென்று சத்தம் கேட்டதும் ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் கோடு போடுவேன்.

மூன்றாம் மாதச் சளிச் சோதனையிலும் கிருமி அப்படியே இருந்தது. நர்ஸ் மாலினெயோ என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு நாள்கூட விடல. அப்புறம் எப்படி? அவரு முழுங்குறத நீ பாத்தியா?"

"அவரு என் மாமனாரு, சிஸ்டர். எப்படிப் பாக்கறது?"

"அப்ப கோடு எதுக்குப் போட்ட? தண்ணி குடிச்சதுக்கா? இந்த மருந்தும் கேக்காமப் போச்சுன்னா, அடுத்தது குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

வெட்கத்தில் காது எரிந்தது. வீட்டுக்கு வந்து மாமனாரின் போர்வையை உதறினேன். மடிப்பிலிருந்து மாத்திரைகள் உதிர்ந்தன. ஆத்திரத்தில் அழுதேன். என் மேல்தான் ஆத்திரம் அதிகம்.

மறுநாள் முதலில் சோளக்களி கொடுத்தேன். பிறகு முகக்கவசத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு அவருக்கு எதிரே உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். கன்னம் இரண்டும் ஒட்டிக் கிடந்தன. அவர் பதறிப்போய்ப் போர்வையை மூக்குவரை இழுத்தார்.

"திரும்பு! வெக்கமா இல்ல?"

"போர்வைக்குள்ள இருந்ததயெல்லாம் பாத்துட்டேன், மாமா. ஏன் முழுங்கல?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "முழுங்குனா வாந்தி வருது. மருமக முன்னால எப்படி வாந்தியெடுக்கறது?" என்றார்.

வாயகன்ற ஒரு பாத்திரத்தை அவர் மடியில் வைத்தேன். "இதுல எடுங்க, நான் கொட்டறேன். வாந்திக்கும் மருந்து கேட்டு வாங்கியாறேன்."

அவர் வாயை இறுக்கிக்கொண்டார்.

"செகாகே!" என்றேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் என் வாயில் வந்தது. "வாயத் திறங்க."

"எம்பேர நீ சொல்லலாமாடி?"

"கல்லறைக் கல்லுல எழுதுனா மட்டும் படிக்கலாமா?"

இருமலுக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் போட்டு விழுங்கினார். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். குனிந்து நன்றாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எழுந்து போகாமல், வாந்தி வருகிறதா என்று பார்க்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.