கரையைத் தொட்ட சொல்

லோகு கடலுக்குப் போய் நாலு நாள் ஆகிறது. கூடப் போன படகெல்லாம் திரும்பிவிட்டன. குப்பத்துப் பெண்கள் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தது தாங்காமல்தான் அவன் பெண்டாட்டி வெண்ணிலா பஸ் பிடித்துத் தாம்பரத்துக்கு வந்து, தான் வேலை பார்க்கும் கால் சென்டரின் பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

பாடம் எடுத்த ரூக்சாருக்கு இதெல்லாம் தெரியாது. போர்டில் ஒரு வினைச்சொல்லை எழுதினாள்.

"அரிவே. வந்து சேர்றது. ரயில் வந்தாலும் இதான், லெட்டர் வந்தாலும் இதான். ஆனா லத்தீன்ல இது பொறந்தப்போ கரையைத் தொடுறதுன்னுதான் அர்த்தம்."

வெண்ணிலாவுக்குச் சுருக்கென்றது. "கரை சேர்றதா மேடம், கரை ஒதுங்குறதா?"

"ரெண்டும் ஒண்ணுதானே," என்றாள் ரூக்சார்.

ஒன்றாமே. உயிரோடு வந்தால்தான் குப்பத்தில் சேர்ந்தான் என்பார்கள். ஒதுங்குவது பிணம். இந்த வித்தியாசம்கூடத் தெரியாத பாஷையை வைத்துக்கொண்டு என்ன கிழிக்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது.

மடியிலிருந்த செல்போன் அதிர்ந்தது. கொழுந்தன் சக்தி.

"அண்ணி, அண்ணன் கரைக்கு வந்துச்சி."

"சேர்ந்துச்சா, ஒதுங்குச்சா?"



"நீ கிளம்பி வா அண்ணி," என்றான்.