நாலு ஓட்டைப் பெட்டி

உமாராணியின் காட்டேஜில் நெட் ஒருநாளும் நின்று போகாது. இதை அவள் வாய் திறந்து பெருமையடிக்க மாட்டாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஐந்தருவி ரோட்டைப் பார்த்து அவள் வாசலில் தொங்குகிற போர்டில் 'தடையில்லா வைஃபை' என்று எழுதியிருக்கும். என் வாசலுக்கும் அவள் வாசலுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அந்த போர்டில்தான் தினமும் முழிக்க வேண்டும்.

அவள் எனக்கு ஓரகத்தி, கொழுந்தன் பொண்டாட்டி. மாமனார் காலத்தில் ஒரே லாட்ஜாக இருந்ததை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் அருவிச் சத்தம் கேட்கிற பாதி எங்களுக்கு விழுந்தது. அன்றைக்கு நான் பாயசம் வைத்தேன். கொழுந்தன் போலீஸ், திருவேங்கடம் ஊர் ஸ்டேஷனே கதியென்று கிடப்பார். உமாராணி தனி ஆளாகத்தான் நடத்துகிறாள். சாரல் நின்று குற்றாலமே ஈயோட்டுகிற மாதங்களிலும் அவள் வாசலில் நாலு கார் நிற்கும். எல்லாம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து வேலை பார்க்கிற கூட்டம். நானும் என் வீட்டுக்காரர் வேல்ராஜுமாக இரண்டு பேர் இருந்தும், சீசன் முடிந்தால் எங்கள் அறைகளில் பல்லிதான் குடியிருக்கும்.

வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

இந்த வருஷம் ஒரு காரியம் செய்தேன். போன ஜூலையில் அவளிடம் தங்கிய சென்னைக் கம்பெனிக்காரர்களை என் பக்கம் இழுத்தேன். அந்தக் குழுவுக்குத் தலைவி மாஜிதா என்ற பெண், அச்சன்புதூர்க்காரி. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தவளைத் தென்காசி பஜாரில் பார்த்து மடக்கினேன்.

"எங்க பக்கம்னா படுத்துக்கிட்டே அருவிச் சத்தம் கேக்கலாம்மா. உமா பக்கம் லாரிச் சத்தந்தான்."

"அது இருக்கட்டும் ஆன்ட்டி, நெட் நிக்குமா? ஒன்பதாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளிநாட்டுக் கிளையன்ட்டுக்கு டெமோ இருக்கு. நடுவுல கட் ஆனா எங்க வேலைக்கே வேட்டு. நல்லபடியா முடிஞ்சா வருஷம் பூரா மாத்தி மாத்தி ஆள் அனுப்புவோம்."

வருஷம் பூரா. அந்த இரண்டு வார்த்தையில் எனக்குத் தூக்கம் போனது.

மறுநாளே, வாங்கி வைத்திருந்த தூக்குச்சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் உமாராணி வீட்டுக்குப் போனேன். மேஜைக்கு மேலே கருப்பாக ஒரு பெட்டி இருந்தது. பின்னால் இரண்டு லைன் வந்து சொருகியிருந்தது.

"இது என்னட்டி?"

"ரெண்டு நெட் லைன் போடுத ரவுட்டர்க்கா. ஒண்ணு போனா இன்னொண்ணத் தானா எடுத்துக்கிடும். நீங்களும் வாங்கப் போறீங்களா? நான் வேணா சொல்லுதேன், வாங்குறதுக்கு முன்னால லைனு எந்த..."

"அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து வந்துவிட்டேன். இவளிடம் பாடம் கேட்டா நான் பெட்டி வாங்க வேண்டும்?

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஞானதுரை அண்ணாச்சி கடை. கம்ப்யூட்டர், கேமரா, ரவுட்டர் எல்லாம் விற்பார், வந்து மாட்டியும் கொடுப்பார். கண்ணாடி மேஜைமேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். முதலில் ஒரு வெள்ளைப் பெட்டியைத்தான் என் பக்கம் நகர்த்தினார்.

"ஒங்க காட்டேஜுக்கு இது போதும்க்கா. ஒரு லைன், ஒரு சிம். லைன் அறுந்தா சிம்முல ஓடும்."

சோப்பு டப்பா அளவுதான் இருந்தது. அதைக் கொண்டுபோய் ரிசப்ஷனில் வைத்தால் எவள் மதிப்பாள்?

"உமாராணி வச்சிருக்கது எது?"

"அது இந்த ரெண்டு லைன் பெட்டி."

"அந்த நாலு ஓட்டை உள்ளதக் குடுங்க."

"நாலு லைனா வச்சிருக்கீங்க?"

"ரெண்டு. ரெண்டும் வேற வேற கம்பெனி."

"கம்பெனி வேறயா இருந்தாப் பத்தாதுக்கா. ரெண்டும் எந்த வழியா வருது? ஒரே போஸ்ட்டுல வந்தா..."

"அண்ணாச்சி, நீங்க பில்லப் போடுங்க."

பெட்டி வந்தது. பிள்ளையார் படத்துக்குக் கீழே, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற இடத்தில் மாட்டச் சொன்னேன். வரிசையாகப் பச்சை விளக்கு. இரண்டு ஓட்டை சும்மாதான் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். உமாராணி எட்டிப் பார்த்து, "பெரிய பெட்டியா இருக்கேக்கா" என்றாள். அன்று எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

மாஜிதாவின் குழு எங்கள் அறைகளில் வந்து இறங்கியது. ஒன்பதாம் தேதி மத்தியானத்திலிருந்தே பேய்க்காற்று. நாலேகாலுக்கு ரோட்டு வளைவில் ஒரு மரக்கிளை முறிந்து விழுந்த சத்தம் கேட்டது. பெட்டியைப் பார்த்தேன். இரண்டு லைனுக்கும் சிவப்பு.

மாஜிதா ஓடி வந்தாள். "ஆன்ட்டி, இன்னும் முக்கால் மணி நேரந்தான் இருக்கு."

ஞானதுரை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மெயின் அருவிப் பக்கம் ஒரு கடையில் கேமரா மாட்டிக்கொண்டிருந்தவர் பத்து நிமிஷத்தில் வந்தார். வளைவுவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ரெண்டு கம்பெனி லைனையும் ஒரே கேபிள்காரர்தான் இழுத்திருக்காரு. ஒரே போஸ்ட்டு, ஒரே கொக்கி. கிளை விழுந்து மொத்தமா அத்துட்டு. இதத்தான்க்கா அன்னைக்கே கேட்டேன். நாலு வாசல் வச்சாலும் வார தெரு ஒண்ணால்லா இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். உமாராணியின் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "அவளுக்கு மட்டும் எப்படி ஓடுது?"

"அவங்களுக்கும் ரோட்டு லைன் போயிட்டு. ரெண்டாவது லைன் பின்பக்கத் தோப்பு வழியா வருதுல்லா, அது நிக்குது. ஒங்க மாடி மேலதான் போகுது. போன வருஷம் நான்தான் இழுத்தேன். நம்ம டேங்க் ஸ்டாண்டுல கட்டிக்கோங்கன்னு வேல்ராஜ் அண்ணாச்சிதான் சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஞானதுரை அந்த வெள்ளைச் சிம் பெட்டியை எடுத்துவர தென்காசிக்கு வண்டியைக் கிளப்பினார். எப்படியும் ஐந்தரை ஆகும். நான் மாடிக்கு ஏறினேன்.

டேங்க் ஸ்டாண்டில் பச்சை நைலான் கயிறு. என் வீட்டுக்காரர் போடுகிற முடிச்சேதான். அதில் கட்டிய கருப்பு ஒயர் மாடிக்குக் குறுக்கே போய் உமாராணி வீட்டுக்குள் இறங்கியது. ஒயர் முழுக்க என் காட்டேஜ் துண்டுகள் தொங்கின. சாரல் காலத்தில் துணி காயாது. கொடி மாதிரி எது கிடைத்தாலும் நான் துண்டைப் போட்டுவிடுவேன். ஏதோ பழைய டிவி ஒயர் என்று நினைத்து, ஒரு வருஷமாக அவளுடைய நெட்டில்தான் துண்டு காயப்போட்டிருக்கிறேன்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டு டேங்க், என் புருஷன் கயிறு, அவளுக்குத் தடையில்லா வைஃபை. இன்னும் கொஞ்ச நேரத்தில் மாஜிதா சுவருக்கு அந்தப் பக்கம் பார்ப்பாள். அங்கே ஓடுகிறது, இங்கே இல்லை என்று புரிந்துவிடும். அவளுக்கும் போய்விட்டால்? அப்போது காற்று மேல்தான் பழி. ஊருக்கே நெட் இல்லை, அனுசியா என்ன செய்வாள் என்று ஆகிவிடும்.

தென்னை மட்டை சீவுகிற அரிவாள் டேங்க் அடியில் கிடந்தது. முதலில் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அப்புறம் ஒரே இழுப்பு. ஒயர் துவண்டு தளத்தில் விழுந்தது.

கீழேயிருந்து மாஜிதாவின் குரல் வந்தது. "ஐயோ, போச்சு." அடுத்த நிமிஷம் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள்.

"ஆன்ட்டி, இப்பதான் எல்லாம் செட் ஆச்சு. உமா ஆன்ட்டி சுவருக்கு மேல கூப்பிட்டு அவங்க வைஃபை பாஸ்வேர்டக் குடுத்தாங்க. அவங்க கெஸ்ட் யாரையும் ஆறு மணி வரைக்கும் நெட்டத் தொட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. கிளையன்ட் அஞ்சுக்கு முன்னாலயே லைனுக்கு வந்துட்டான். இப்ப அதும் போயிட்டு."



அடுத்த மாடியில் உமாராணி குடையோடு வந்து நின்றாள். விழுந்து கிடந்த ஒயரைப் பார்த்தாள். என் தோளில் மடித்துக் கிடந்த துண்டுகளைப் பார்த்தாள். கையிலிருந்த அரிவாளையும் பார்த்தாள். கைப்பிடிச் சுவரைத் தாண்டி எங்கள் மாடிக்கு வந்து, தன் போனை மாஜிதாவிடம் நீட்டினாள்.

"என் சிம்முக்கு இந்த டேங்க் பக்கம் மட்டும் சிக்னல் கெடைக்கும். இதுல ஹாட்ஸ்பாட் போட்டுப் பேசும்மா."

மாஜிதா டேங்க் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உமாராணி அவளுக்குக் குடை பிடித்தாள். ஐந்தரைக்கு ஞானதுரை சோப்பு டப்பாப் பெட்டியோடு வந்து, டேங்க் பக்கத்திலேயே வைத்து மிச்சத்தை அதில் ஓடவிட்டார். ஆறு மணிக்குள் எல்லாம் முடிந்தது. கிளையன்ட்டுக்குத் திருப்தி என்றாள் மாஜிதா.

ஞானதுரை ஒயரின் நுனியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "காத்துல அத்த மாதிரி இல்லியே. சீவுன மாதிரில்லா இருக்கு."

"காத்துதான் அண்ணாச்சி" என்றாள் உமாராணி. "வேற யாரு வந்து அறுக்கப் போறா."

மாஜிதா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே அவளிடம் கேட்டாள். "அடுத்த மாச டீமுக்கு உங்ககிட்ட ரூம் இருக்குமா உமா ஆன்ட்டி?"



"எதுக்கும்மா? அக்காட்டயே இருங்க. அங்கனதான் அருவிச் சத்தம் கேக்கும்." உமாராணி குடையை மடக்கினாள். "அக்கா பெட்டியில ரெண்டு ஓட்டை சும்மாத்தான் இருக்கு. இந்த ஒயர ஒட்டும்போது, தோப்பு வழியா அக்காவுக்கும் ஒரு லைன் சேத்து இழுத்துருங்க அண்ணாச்சி."

இப்படிப் பேச இவளால் முடிகிறதே என்று, எனக்கு அதற்கும் வயிறு எரிந்தது.