சொன்னவன் செலவு

நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். மனுவேல் எங்கள் சேட்டுக்குத் தர வேண்டிய பாக்கி அது. குடித்துத் தீர்த்த பணமில்லை. கைநீட்டி வாங்கிய முன்பணமும் இல்லை. ஒரு காரில் கேட்ட சத்தத்தை இன்னதென்று சொன்னான். அது தப்பாகப் போயிற்று. அதற்கு.

மராத்தி பேசும் ஊரான சாங்வியில் ஆற்றோரமாக இருந்தது எங்கள் கார்ப் பட்டறை. மனுவேலோடு சேர்த்து எட்டுப் பேர். குளிர்காலத்தில் இருட்டு பிரியும் முன்பே நான் ஷட்டரைத் தூக்கி முதல் வண்டியைக் கழுவ ஆரம்பித்துவிடுவேன். மட்கார்டுக்கு அடியில் காய்ந்து இறுகிய சேற்றைக் கம்பியால் சுரண்டவேண்டும். வெடித்த விரலிடுக்கில் மண்ணெண்ணெய் இறங்கும்போது வாயில் கெட்ட வார்த்தைதான் வரும். அதற்குள் கட்கியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேரும் மனுவேல், கோணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்திருப்பான். பழைய கியர் ஆயில் அவன் சட்டைக் கைக்குள் ஒழுகி அக்குள் வரைக்கும் போகும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் போகாது என்று அவன் பெண்சாதி கிருபாவதி தனிப்பாய் போட்டுவிட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

சேட் என்று நாங்கள் கூப்பிட்டாலும் ரவிசந்திரன் கோயமுத்தூர்க்காரர். 'நம்ம ஆளுங்க' என்று சொல்லித்தான் எங்களில் தமிழ் ஆட்களை வேலைக்கு வைத்தார். பட்டறைக்கு அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. வண்டியில் என்ன கோளாறென்று எவன் சொல்கிறானோ, அது தப்பானால் செலவு அவன் தலையில். அதனால் எவனும் வாய் திறப்பதில்லை. கேட்டால், "சரியாத் தெரியல சேட்." கடைசியில் எல்லார் கண்ணும் மனுவேல் பக்கம் திரும்பும். கியர்ப்பெட்டி வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் தப்பிக்க முடியாது.

பாணேரில் குடியிருந்த கிரிஜா மேடத்தின் வெள்ளைக் கார் அப்படித்தான் வந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் 'ஙீ'யென்று ஊளையிடுகிறதாம். காலை எடுத்தால் அடங்கிவிடுகிறதாம். பட்டறையில் நிறுத்தி எவ்வளவு முறுக்கியும் ஊளை வரவில்லை.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும் சேட்," என்றான் மனுவேல்.

"பெட்ரோலு உங்கப்பனா ஊத்துவான்? அந்தம்மா சீட்டுல உன்ற வேர்வையோட உக்காருவியா? நின்ன எடத்துல சொல்லு கண்ணு."

"நிக்கறப்ப இல்ல, ஓடறப்பதான்னா... கியர்பாக்ஸ் பேரிங்கா இருக்கும்."

"இருக்குமா? இருக்குதா?"

மனுவேல் எங்களைப் பார்த்தான். நாங்கள் கையிலிருந்த வேலையைப் பார்த்தோம்.

"இருக்கு," என்றான்.

கியர்ப்பெட்டியை இறக்கினார்கள். புது பேரிங், புது ஆயில். போன வண்டி அதே ஊளையோடு திரும்பி வந்தது. ஏசி போட்டு ஓட்டினால் மட்டும்தான் வருகிறது என்று அந்த அம்மா அப்போதுதான் சொன்னார். பட்டறையில் ஏசி போட்டுப் பார்க்கக் கூடாது; பெட்ரோல் கூட ஆகும் என்பது சேட்டின் இன்னொரு சட்டம். செலவு முழுவதும் மனுவேல் சம்பளத்தில் பாக்கியாக ஏறிற்று.

"பத்து மணிக்கு அந்தம்மா போன் பண்ணும். அதுக்குள்ள எடம் தெரிஞ்சாகோணும்," என்றார் சேட்.

பானட்டைத் திறந்து, ஏசியைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டார்கள். ஊளை கேட்டது. பெல்ட்டின் மேல் இருக்கவேண்டிய மூடி மூலையில் கிடந்தது. மாட்டிக் கழற்ற நேரமாகிறதென்று சேட் அதை மாட்டவிடுவதில்லை. மனுவேல் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை ஒவ்வொரு இடமாக ஊன்றிக் கேட்டுக்கொண்டே வந்தான்.

ஸ்டீயரிங் பக்கம் வந்த எலக்ட்ரீஷியன் தத்தா, "நான் ரேஸ் குடுக்கறேன் சேட், அவன் கை ஜாடை எனக்குப் பழக்கம்," என்று இந்தியில் சொன்னான்.

"நீ உன்ற ஒயரைப் பாரு," என்று சேட்டே ஏறி உட்கார்ந்தார்.

பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளைக்கு அருகே வந்ததும் மனுவேல் இடக்கையைத் தூக்கினான். மெதுவாக, என்று அர்த்தம். அந்த நேரம் சேட்டின் போன் அடித்தது. அவர் பார்வை போனுக்குப் போயிற்று. கால் அழுந்திற்று.

ஸ்க்ரூ டிரைவர் எகிறியது. கூடவே வலக்கை உள்ளே போயிற்று. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. இன்ஜின் ஒருமுறை திணறி மறுபடி ஓடிற்று. தத்தா பாய்ந்து சாவியைத் திருப்பினான்.

சேட் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். "எங்கிருந்துடா வருது? தெரிஞ்சுதா?"

வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. மனுவேல் அதைப் பார்த்துக்கொண்டே, "டென்ஷன் ரோலர், சேட்," என்றான். பிறகுதான் கீழே உட்கார்ந்தான்.

போன் விடாமல் அடித்தது. சேட் எடுத்தார். "கெடைச்சிருச்சுங்க மேடம். சாயங்காலம் எடுத்துக்கலாமுங்க."

அந்தக் காரில் ஏற்றலாம் என்றேன். கறை படும் என்றார். சீட் உறையின் பாலித்தீனைக் கையில் சுற்றி மனுவேலை ரிக்ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தத்தா இன்ஜினுக்கு அடியில் தவழ்ந்து தேடினான். ஒரு விரல்தான் கிடைத்தது; எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். கிரீஸும் கல்துகளும் ஒட்டியிருந்த அதைப் பார்த்து டாக்டர் இனி ஒட்டாதென்று தலையசைத்தார். பின்னால் வந்த சேட், வீட்டில் பைக் செயினில் மாட்டிக்கொண்டதாக எழுதச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கட்கிக்கு, மனுவேல் வீட்டுக்கே வந்தார். கையில் ஆப்பிள் பை. நானும் தத்தாவும் அங்கே இருந்தோம்.

"அந்தப் பாக்கியைத் தள்ளுபடி பண்ணிட்டேன் கண்ணு. ஒத்தப் பைசா வேண்டாம். யாரு கேட்டாலும் பைக் செயின்னு சொல்லிப்போடு. கை ஆறினதும் வா. கியர்பாக்ஸ் இனி உனக்கு ஆகாது, வண்டி கழுவ வெச்சுக்கறேன்."

வண்டி கழுவுவது என் வேலை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவர் போனதும் கிருபாவதி என்னிடம் வந்தாள். "கடன் போச்சுன்னு மொதல்ல கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டேண்ணே. அப்புறம் நெனச்சுப் பாக்கறேன், ரெண்டு வெரலுக்கு நாலாயிரத்துச் சொச்சம். இன்னும் எட்டு இருக்கு. அதுக்கும் கடன் குடுப்பாரா?"

தத்தா தன் மாமாவிடம் விசாரித்திருந்தான். அவர் சங்கத்தில் இருப்பவர். "வேலையில கை போனா நஷ்டஈடு உண்டு. ஆனா இந்தத் தள்ளுபடியை வாங்கிக்கிட்டா, கைக்குக் குடுத்து முடிச்சாச்சும்பான். மொதல்ல பாக்கியைக் கட்டணும்."

"எதை வெச்சுய்யா கட்டறது?" என்றான் மனுவேல்.

"நீ சொல்லலேன்னா அன்னைக்கு எங்கள்ல ஒருத்தன் சொல்லித்தான் ஆகியிருக்கணும். நாங்க கட்டறோம்."

தத்தா மகளின் யூனிஃபார்ம் பணத்தை எடுத்தான். பட்டறைப் பெயிண்டர் தன் டேப்ரிக்கார்டரை விற்றான். நான் ஊருக்கு எடுத்திருந்த ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மற்றவர்களும் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கொண்டுவந்தார்கள்.

திங்கட்கிழமை நான் ஷட்டரைத் தூக்கவில்லை. வாசலில் வண்டிகள் நின்றன. சேட் ஸ்கூட்டரை விட்டு இறங்கும்முன் மனுவேல் இடக்கையால் பணத்தை நீட்டினான்.

"எண்ணிக்குங்க சேட்."

"என்றா இது?"

"பாக்கி."

"அதான் விட்டாச்சில்ல?"

"விடவேண்டாம். கட்டிட்டேன். கைக்கு என்ன உண்டோ அதை லேபர் ஆபீஸ்ல கேட்டுக்கறேன். பைக் செயின் இல்ல, நீங்க ஆக்சிலேட்டரை மிதிச்சதுலதான் போச்சுன்னு சொல்லுவேன்."

சேட் சிரித்தார். "யாரு பாத்தா?"

பழக்கம் லேசில் விடாது. எங்கள் கண்கள் வாசலில் நின்ற வண்டிகளுக்குப் போயின. மனுவேல் எங்கள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நான் பாத்தேன்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"மீ பண்," என்று மராத்தியில் தானும் சேர்ந்தான் தத்தா. பெயிண்டர் சொன்னான். அடுத்தவன் சொன்னான். ஏழு பேரும் சொன்னோம்.

சேட்டின் முகம் கறுத்தது. "சொல்றவன் செலவு, தெரியுமில்ல? எவனுக்கும் வேலை கெடையாது. நாளைக்கே லாத்தூர்ல இருந்து ஆள் எறக்குவேன்."

"செலவை எங்க எல்லாருக்கும் சேத்தே போடுங்க சேட்," என்றான் பெயிண்டர். யாரோ சிரித்துவிட்டார்கள்.

சேட் பணத்தைப் பார்த்தார். வேண்டாமென்று விட்டெறிவார் என்று நினைத்தேன். அவருக்கு மனம் வரவில்லை. எச்சில் தொட்டு எண்ணினார். சில்லறை நோட்டுகள், நேரமாயிற்று. மறுபடி எண்ணினார்.

"சரியா இருக்குது," என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இடுப்பிலிருந்த ஷட்டர் சாவியை அவிழ்த்து அவர் ஸ்கூட்டர் சீட்டில் வைத்தேன். தத்தா தன் சைக்கிளின் பின்னால் மனுவேலை உட்காரவைத்தான். லேபர் ஆபீஸ் தூரம். மற்ற ஆறு பேரும் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் நடக்க ஆரம்பித்தோம்.