கிடங்குத் தெருவில் உட்கார்ந்த பனி

செஞ்சியில் கிடங்குத் தெருவுக்குப் போகியன்று விடியற்காலையில் வந்த மூடுபனி, வைகாசி பிறந்த பிறகும் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்பதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. இடப்பக்கம் இரண்டு இரண்டாக, வலப்பக்கம் மூன்று மூன்றாக, நடுவில் ஓர் ஆள் போகும் அளவுக்கு வழி விட்டு, வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தது. பால்காரர், கேஸ் சிலிண்டர்காரர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அந்த நடுவழியில்தான் ஒருவர் பின் ஒருவராகப் போய்வந்தார்கள். எதிரே ஆள் வந்தால், பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு, பனியின் மடியில் லேசாகச் சாய்ந்து வழிவிட வேண்டும். சாய்ந்தவரின் சட்டை நனையும், கருகின டயர் நாற்றமும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். பனி வந்த வாரத்தில் தக்காளி விலை இறங்கியிருந்தது. தெருவில் இரண்டைப் பற்றியும் ஒரே அளவுக்குத்தான் பேசினார்கள்.

இதற்கெல்லாம் காரணம் செந்தமிழன். செஞ்சியிலிருந்து வல்லம் வழியாகத் தொண்டூர் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அவர் பல வருஷம் வேலை பார்த்த பழைய பஸ்ஸை ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்று கழித்து ஏலம் விட்டபோது, மனசு கேட்காமல், ஏலம் எடுத்தவரிடம் போய் அதன் சீட்டுகளை மட்டும் வாங்கி வந்துவிட்டார். பஸ்ஸில் இருந்த அதே வரிசையில் வீட்டுக்குப் பின்னால் போட்டுவைத்தார். ரெக்சின் கிழிந்து பஞ்சு பிதுங்கிய சீட்டுகளில் ஆடுகள் ஜன்னலோரம் பிடித்து அசை போட்டன. வேலை முடிந்து வந்த மனுஷன், நாளெல்லாம் நின்றவர் ஆயிற்றே, பின்சீட்டில் போய் உட்கார்ந்து காப்பி குடிப்பார். அவர் மனைவி அமிர்தவல்லிக்குத் துணி காயப்போட இடமில்லை. “இந்த சீட்டுங்கள பழைய இரும்புக்காரன் கிட்ட போட்டுட்டு வாய்யா. இல்லன்னா நீயும் போயி அதுலயே குடித்தனம் பண்ணு” என்று அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். கடைசியில் மார்கழியில் ஒருநாள் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இரும்புக்காரனிடம் போடவில்லை. போகி வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

போகியன்று ஊரே எதையாவது கொளுத்தும். பாய் கொளுத்துவார்கள், முறம் கொளுத்துவார்கள். செந்தமிழன் ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார். சீட்டெல்லாம் தெருவில் அடுக்கி, எரியட்டும் என்று இரண்டு லாரி டயரையும் மேலே போட்டுப் பெட்ரோல் ஊற்றினார். கறுத்த புகை எழுந்து ராஜகிரி மலையின் இடுப்பு வரை போய், அதற்கு மேல் ஏற வழியில்லாமல் திரும்பித் தெருவிலேயே இறங்கியது. பனிக்காலத்து ஈரம் அப்போதுதான் ஊருக்குள் வந்து எங்கே தங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. பொழுது விடிந்தபோது தெரு நிறைந்திருந்தது. செந்தமிழன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரத்துப் பனி மட்டும் ரொம்பப் பின்னால் சாய்ந்திருந்தது. அந்தச் சீட்டின் முதுகு உடைந்தது அவருக்குத் தெரியும்.

அமிர்தவல்லிக்கு ஏற்கெனவே வீசிங். அவள் சீட்டை ஒழிக்கச் சொன்னாளே தவிர, கொளுத்தச் சொல்லவில்லை. அன்று மாலையே மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. இன்ஹேலரையும் நாலு புடவையையும் பையில் போட்டுக்கொண்டு, வல்லத்தில் இருக்கும் தம்பி காமராஜ் வீட்டுக்குக் கிளம்பினாள். சண்டை போட்டாலாவது தேவலை, அவள் போடவில்லை. “பனி போனப்புறம் வந்து கூப்புடு” என்று மட்டும் சொன்னாள். செந்தமிழன் தலையை ஆட்டினார். வெயில் வந்தால் போகிற பனிதானே, காணும் பொங்கலுக்குள் திரும்பிவிடுவாள் என்று நினைத்தார்.

பொங்கல் போயிற்று, தையும் போயிற்று. கோட்டையில் வெயில் அடித்தது, சிங்கவரத்தில் வெயில் அடித்தது, பக்கத்துத் தெருவில் வத்தல் காய்ந்தது. கிடங்குத் தெருவில் மட்டும் தெருவிளக்கைப் பகலிலும் அணைக்கவில்லை. திண்டிவனத்தில் காலேஜ் படிக்கும் மகள் சுவாதிதான் அப்பாவுக்கு விஷயத்தைப் புரியவைத்தாள். “நைனா, காத்துல இருக்கிற ஈரம் சும்மா பனியாவாது. உக்கார அதுக்கு ஒரு தூசி, ஒரு பொகை, எதுனா வேணும். சீட்டு கம்மியா இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, குண்டாகி, பாரம் தாங்காம கீழ விழுந்துடும். நீ உட்ட பொகையில ஆளுக்கு ஒரு சீட்டு கெடச்சிடுச்சு. அல்லாம் ஒல்லியா லேசா ஜம்முனு உக்காந்துகினு இருக்குது. வெயிலையும் உள்ள உடல. தரை சூடானாத்தான் இதுங்க எழுந்துக்கும். எப்டி சூடாவும்?” ஒரு கண்டக்டருக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. கூட்டத்தில் ஜன்னலோரம் கிடைத்தவன் இறங்க மாட்டான் என்பது அவர் சர்வீஸ் முழுக்கப் பார்த்ததுதான்.

தெருக்காரர்களுக்கு இது புரிவதற்குள் செய்யக்கூடாததை எல்லாம் செய்து முடித்திருந்தார்கள். வேப்பிலைப் புகை போட்டார்கள். அன்று பனி நாலு வரிசை நீண்டது. சாம்பிராணி போட்டார்கள், பனி, வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இன்னும் வசதியாக உட்கார்ந்தது. டீக்கடை ராஜாராம் கொசு மருந்துப் புகை அடிக்கும் மெஷினை வாடகைக்குப் பிடித்து வந்து இரு பக்கமும் அடித்தார். கொசு செத்ததோ இல்லையோ, பனி முக்குக் கடை வரை வந்து படிக்கட்டில் தொங்கியது. சாயங்காலமானால் மெயின்ரோட்டு லாரிப் புகையும் குப்பை எரிக்கிற புகையும் வந்து ஸ்டாண்டிங்கில் நின்ற பனிக்கெல்லாம் சீட்டுப் போட்டுக் கொடுத்தன. நல்லது செய்கிறேன் என்று கிளம்பினவர்கள் எல்லோரும் கையில் நெருப்புப்பெட்டியோடுதான் கிளம்பினார்கள்.

செந்தமிழனின் பஸ் தினமும் வல்லத்தில் நிற்கும். முதல் ட்ரிப்புக்கு அமிர்தவல்லி நிறுத்தத்தில் வந்து நிற்பாள். ஏறமாட்டாள். ஜன்னல் வழியாகச் சாப்பாட்டு கேரியரைக் கொடுப்பாள், முந்தின நாள் காலி கேரியரை வாங்கிக்கொள்வாள். “போச்சா?” என்பாள். “இல்ல” என்பார். அவ்வளவுதான். டிரைவர் சிவசங்கர் இந்தப் பேச்சு முடிகிறவரை ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருப்பார். அப்புறம் விசில் ஊதுவார் செந்தமிழன். கேரியரில் வத்தக்குழம்பு இருந்தால் அவள் கோபமாக இருக்கிறாள், கூட ஒரு அப்பளம் இருந்தால் கோபம் குறைந்திருக்கிறது என்று அவரே ஒரு கணக்கு வைத்திருந்தார். பங்குனி முழுக்க அப்பளம் வந்தது.

சித்திரையில்தான் சிக்கல் ஆரம்பித்தது. ஊரெல்லாம் அக்கினி நட்சத்திரம் கொளுத்த, கிடங்குத் தெருவில் ஆட்கள் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். சொந்தக்காரர்கள் லீவுக்கு வந்து இறங்கினார்கள். கல்யாண மண்டபத்துக்காரர் மாப்பிள்ளை வீட்டாரை மத்தியானத் தூக்கத்துக்கு இங்கே அனுப்பினார். ராஜாராம் கடையில் சித்திரை மாதத்தில் மங்கி கேப் விற்றது, சுக்குக் காப்பிக்கு வரிசை நின்றது. பனி போய்விடுமோ என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. ராஜாராம் தினமும் விடிகாலையில் கடைக்குப் பின்னால் ஒரு சைக்கிள் டயரைக் கொளுத்தி, பனிக்குச் சீட்டுக் குறையாமல் பார்த்துக்கொண்டார். செந்தமிழன் போய் நியாயம் கேட்டார். “அண்ணே, பொண்டாட்டி ஊட்டுக்கு வரமாட்டேன்னு நிக்கிறா.” ராஜாராம் ஆறுதலாக அவர் தோளில் கை வைத்தார். “ஆடி வரிக்கும் பொறுத்துக்கோ தம்பி. வந்தாலும் தங்கச்சி இந்த வெயில்ல கஷ்டந்தானே படும்?”

வைகாசி பிறந்த வாரம், வல்லம் நிறுத்தத்தில் அமிர்தவல்லி இல்லை. மச்சான் காமராஜ் நின்றிருந்தார். கையில் கேரியரும் இல்லை. “மாமா, தெருக்காரங்களே பனிய போவ உடாம வெச்சிருக்காங்கன்னு அக்காவுக்குத் தெரிஞ்சிடுச்சு. இனிமே வராதாம். ரேஷன் கார்ட வல்லத்துக்கு மாத்திக்கப் போவுதாம்” என்றார். செந்தமிழன் விசில் ஊத மறந்து நின்றார். கோபித்துக்கொண்டு போகிற பெண்டாட்டி திரும்பி வருவாள், ரேஷன் கார்டை மாற்றினவள் வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். கடைசி சீட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். முன்னால் இருந்த கிழவர் ஒருவர் சில்லறைக்குத்தான் அழுகிறாரோ என்று பயந்து, சரியான காசை எண்ணிக் கொடுத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து படியில் உட்கார்ந்தவர், என்ன செய்வதென்று தெரியாமல், ஜேபியிலிருந்த விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். தெருவிலிருந்த பனி மொத்தமும் லேசாக முன்னால் குலுங்கி, மறுபடி பின்னால் சாய்ந்தது. செந்தமிழன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி ஊதினார். மறுபடி குலுங்கியது. “சுவாதி, சிவசங்கருக்கு ஒரு போன் போடு” என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

மறுநாள் காலை முதல் ட்ரிப் பஸ் கிடங்குத் தெருவுக்குள் பின்பக்கமாக நுழைந்தது. சிவசங்கர் உடனே இன்ஜினை அணைத்தார். பஸ் புகையே பனிக்குச் சீட்டாகிவிடக்கூடாது. செந்தமிழன் படியில் நின்று, “வல்லம், தொண்டூர்! சீட்டு காலியா இருக்குது, ஏறு ஏறு ஏறு!” என்று கூவினார். பனி அசையவில்லை. கெஞ்சினார், அதட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் தன் தொழிலில் முதல் நாளே கற்ற விஷயம் அவருக்கு ஞாபகம் வந்தது. நிற்கிற பஸ்ஸில் எவனும் ஏறமாட்டான். வெளியே நின்று பீடி பிடிப்பான், கடலை வாங்குவான். பஸ் நகர்ந்தால்தான் அலறிக்கொண்டு ஓடிவருவான். “சிவா, பிரேக்க எடு” என்றார். மெயின்ரோட்டுப் பக்கம் தெரு சரிவு. பஸ் சத்தமில்லாமல் உருள ஆரம்பித்தது. செந்தமிழன் விசிலை வாயில் வைத்து ஒரே ஊதாக ஊதி, பஸ்ஸின் உடம்பில் தட்டி, “ரைட்!” என்றார்.

அடடா, அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மாசக்கணக்காய் அசையாத பனி அடித்துப்பிடித்து எழுந்து ஓடிவந்தது. முன்படியில் ஏறியது, பின்படியில் ஏறியது, இடம் பிடிக்க ஜன்னல் வழியாக ஈரத்துண்டு ஈரத்துண்டாய் உள்ளே எறிந்தது. “உள்ள போ, உள்ள போ, நடுவுல நிக்காதே!” என்று செந்தமிழன் கத்தினார். உண்மையான சீட்டைக் கண்டதும் அது புகையைத் தெருவிலேயே விட்டுவிட்டது. உட்கார ஆளில்லாத புகை கரித்தூளாகக் கீழே கொட்டியது. பெண்கள் துடைப்பத்தோடு வெளியே வந்தார்கள். ராஜாராம் எரிகிற சைக்கிள் டயரைக் குச்சியில் தூக்கிக்கொண்டு, “எங்க போறீங்க? இந்த வெயில்ல எங்க போறீங்க?” என்று பின்னாலேயே ஓடினார். கடைசியாக ஏறின பனி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வழியில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினார். சீட்டெல்லாம் நிறைந்திருக்க, டிக்கெட் கொடுத்த கணக்கு ஒன்றும் இல்லை. “யாருய்யா இவங்கல்லாம்?” என்றார். “மூடுபனி சார்” என்றார் செந்தமிழன். “அது தெரியுது. ஆம்பளையா பொம்பளையா?” டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் அல்லவா, கேள்வி நியாயமானதுதான். “நீங்களே பாத்து சொல்லுங்க சார்.” இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு வரிசையாகப் பார்த்தார். எல்லாமே பெண்கள் என்று முடிவு செய்து அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

வல்லத்தில் நிறுத்தம் காலியாக இருந்தது. யாருக்காகவும் ஒரு நிமிஷம் பஸ்ஸை நிறுத்தி வைக்காத செந்தமிழன், அன்று நிறுத்தி வைத்தார். நீளமாக விசில் ஊதினார். மறுபடி ஊதினார். காமராஜ் வீட்டுக் கதவு திறந்தது. அமிர்தவல்லி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து தூரத்தில் நின்றாள்.

“போச்சு” என்றார் அவர், அவள் கேட்பதற்கு முன்பே.

“அப்ப இது இன்னா?”

“இதான் அது. தெருவுல இல்ல. தொண்டூர்ல எறக்கி உட்டுடுவேன். நீ ஏறு அமிர்தம். நீ இல்லாம என்னால முடியல.”

அவள் ஜன்னலருகே வந்து பயந்து பயந்து முகர்ந்தாள். டயர் இல்லை, பெட்ரோல் இல்லை. மழை பெய்த கொல்லை வாசனைதான் வந்தது. ஒரு முழு மூச்சு இழுத்தாள். அது தடங்கலில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. சரி என்று ஏறிவிட்டாள். உள்ளே உட்கார இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பினதும், முதல் வரிசையில் ஜன்னலோரமாக இருந்த பனி மெல்ல எழுந்து நகர்ந்து அவளுக்கு இடம் விட்டது.

“சீட்டு ஈரமா இருக்குதுய்யா” என்றாள்.

செந்தமிழன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, தோளிலிருந்த துண்டால் சீட்டை அழுத்தித் துடைத்தார். அவள் உட்கார்ந்தாள். “ரேஷன் கார்டு?” என்று மெதுவாகக் கேட்டார். “பொட்டியில கெடக்குது. நீ போயி டிக்கெட்ட கிழி” என்றாள்.

தொண்டூரில் பனி ஒழுங்காக வரிசையில் இறங்கிப் பாறைப் பக்கம் நடந்தது. அங்கே சமணர்கள் அந்தக் காலத்தில் வெட்டின கற்படுக்கைகள் இருக்கின்றன. இத்தனை மாதம் உட்கார்ந்தே இருந்த களைப்பில் அவற்றில் ஏறிப் படுத்துக்கொண்டது. வெயில் வந்து தொட்டபோது தூக்கத்திலேயே போய்விட்டது. கிடங்குத் தெருவில் அன்று மத்தியானமே ஃபேன் ஓடியது. ராஜாராம் மீதி மங்கி கேப்பை மூட்டை கட்டி வைத்தார். அதற்கப்புறம் அந்தத் தெருவில் போகிக்கு யாரும் எதையும் கொளுத்துவதில்லை. பழைய இரும்புக்காரர்தான் வண்டியோடு வருகிறார்.

பனி மட்டும் பஸ்ஸை மறக்கவில்லை. மார்கழி பிறந்தால் முதல் ட்ரிப்பில் ஏறித் தொண்டூரில் இறங்குகிறது. வல்லத்தில் ஏறுகிறவர்கள் சீட்டைத் துடைத்துவிட்டு உட்காருகிறார்கள். தம்பி வீட்டுக்கு வந்துவிட்டுத் தொண்டூரைச் சுற்றிக்கொண்டு திரும்பும் நாளில் அமிர்தவல்லி மட்டும் துடைப்பதில்லை. கண்டக்டர் வந்து துடைக்கிறவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.