டிம்பனிக்குப் பின்னால் ஒரு வணக்கம்

தொமோயே,

முதலில் வாத்தியக் குழு போட்டிக்குப் போன பேருந்தில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது விளங்கும்.

ஓட்டுநருக்கு நேர் பின்னால் குழுவை நடத்தும் அரிமுரா சார். மடியில் இசைக்குறிப்புத் தாள்கள், அதன்மேல் இரண்டு கையும், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பதுபோல. அடுத்த வரிசைகளில் பஸ் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள், அவரவர் கையில் பிளாஸ்டிக் பை. நடுவில் கிளாரினெட், புல்லாங்குழல் பெண்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் டிரம்பெட் பையன்கள். அவர்கள் தூங்கவும் இல்லை, யாரையும் தூங்க விடவும் இல்லை. அதற்கும் பின்னால் தாளக் கருவிக்காரர்கள். அங்கே சன்னல் ஓரத்தில் நம் நாகிசா. கடைசி நீள இருக்கையில் உதவிக்கு வந்த அப்பாக்கள். அதிலும் மூலையில், தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளுக்கு நடுவே நான். நாகிசா திரும்பிப் பார்த்தாலும் பெட்டிதான் தெரியும். அந்த இடத்தைத் தேர்ந்து கொடுத்தவளே அவள்தான்.

டோஃபு கடை இவாசே மட்டும் பேருந்தில் இல்லை. வாத்தியங்கள் ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போனார்.

அன்று போனில் நீ நாகிசாவிடம், "மேடையில என்னடி நடந்துச்சு? இவாசே சம்சாரம் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்று கேட்டாய். அவள், "அப்பாகிட்டயே கேளுங்க" என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். இது போனில் சொல்கிற விஷயம் இல்லை. ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

நீ சப்போரோவுக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் அவளுக்கு டிம்பனி கிடைத்தது. அண்டா போன்ற அந்தச் செம்பு முரசுகள் நான்கையும் இந்த வருஷம் அவள்தான் வாசிக்கிறாள். போட்டிக்கு எடுத்த இசை டிம்பனியில்தான் தொடங்குகிறது. வேறு எந்த வாத்தியமும் கிடையாது. தூரத்தில் மழை கிளம்புவதுபோல ஓர் உருட்டல், அதன்மேல்தான் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர வேண்டும். அவள் தவறினால் மொத்தக் குழுவும் தவறின இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். கோடை முழுக்க அரிமுரா சார் சொன்னது ஒன்றுதான்: "கையத் தளர விடு, நாகிசா. மழ இன்னும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு." மாவட்டச் சுற்றில் மழை வரவில்லை; லாரியிலிருந்து ஜல்லி கொட்டினாற்போல இருந்தது. மற்றவர்கள் நன்றாக வாசித்ததால் குழு தேறிவிட்டது. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

உனக்குப் பதிலாக நான் உதவிக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்ததும் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"நான் வாசிக்கறதுக்கு முன்னாடி உங்க மூஞ்சி என் கண்ணுல படக் கூடாது."

"ஏன், அவ்ளோ மோசமாவா இருக்கு?"

"அம்மா வந்தா நல்லா வாசிப்பேன்னு பாப்பாங்க. நீங்க தப்பாப் போயிடுமோன்னு பாப்பீங்க. அந்த மூஞ்சியப் பாத்தா என் கை இறுகிடும்பா."

சரி என்றேன்.

எங்கள் ஒத்திகை பள்ளிக்கூட வாகன நிறுத்தத்தில் நடந்தது. இவாசே போட்டி நடக்கும் ஒக்காயாமா அரங்கத்தின் வரைபடத்தைப் பார்த்து, அதே அளவில் சுண்ணாம்பால் மேடை வரைந்திருந்தார். திரை இங்கே, படி இங்கே, டிம்பனி இந்த வட்டங்களில். முந்தின பள்ளி இறங்கியதும் இருட்டிலேயே எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய் வைத்து, விளக்கு எரிவதற்குள் நாங்கள் மறைந்துவிட வேண்டும். எனக்குக் கிடைத்தது, விதியைப் பார், டிம்பனி. தள்ளிக்கொண்டு போவது, வட்டத்தில் நிறுத்துவது, சக்கரத்து பிரேக்கைக் காலால் அழுத்துவது.

"அண்டாவ உருட்டற மாதிரி உருட்டாதீங்க, நாகிசா அப்பா," என்பார் இவாசே. "டோஃபுன்னு நெனச்சுக்குங்க. தண்ணியில மெதக்கற, தொட்டா ஒடையற டோஃபு."

"டோஃபுவுக்கு சக்கரம் இருக்காது, இவாசே."

"அதான் சொல்றேன். உங்கள மாதிரி ஆளுங்க தள்ளக் கூடாதுன்னுதான் அதுக்கு சக்கரம் வைக்கல."

பார்வையாளர்கள் உட்காரும் இடத்தில் அரிமுரா சார் மட்டும் மடக்கு நாற்காலி போட்டு, விசிலோடு உட்கார்ந்திருப்பார். எல்லாம் வைத்து முடிந்ததும் விசில் ஊதுவார். நாங்கள் அப்பாக்கள் இருந்த இடத்திலேயே நிமிர்ந்து, அவர் பக்கம் பார்த்து, இடுப்பு வரை குனிந்து வணங்குவோம். அவரும் எழுந்து வணங்குவார். பிள்ளைகள் "ரொம்ப நன்றிங்க!" என்று ஒரே குரலில் கத்துவார்கள். நம் ஊரில் இதெல்லாம் செய்யாமல் எதுவும் முடிந்ததாக அர்த்தமில்லை. சனிக்கிழமைதோறும் செய்தோம். நாகிசா மட்டும் அந்த நேரத்தில் பள்ளிக்கூடக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பயணத்தில் வாக்கைக் காப்பாற்றினேன், நம்பு. வழியில் பேருந்து நின்ற இடத்தில் நாகிசா கை கழுவப் போனபோது, நான் குளிர்பான இயந்திரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். லாரியை அங்கே நிறுத்தியிருந்த இவாசே பார்த்துவிட்டார்.

"என்ன இது? ஒளிஞ்சு சிகரெட் பிடிக்கற ஸ்கூல் பையன் மாதிரி?"

"பொண்ணு வர்றா."

"யாரு பொண்ணு?"

"என் பொண்ணுதான்!"

"சொந்தப் பொண்ணப் பாத்து ஒளியற அப்பன இப்பத்தான் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு, என்னை மறைத்துக்கொண்டு தானும் நின்றார். நல்ல மனிதர். அகலமான மனிதர்.

அரங்கத்தில் மேடைக்குப் பக்கவாட்டில் இருட்டில் நின்றோம். முந்தின பள்ளி வாசித்துக்கொண்டிருந்தது. ரொம்ப நன்றாக வாசித்தார்கள்; அது யாருக்கும் உதவியாக இல்லை. நம் பிள்ளைகள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நாகிசா முரசுக் குச்சிகளை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தது. கை இறுகியாயிற்று என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கால் எழுந்தது. என் மூஞ்சி நினைவுக்கு வந்தது, நின்றுவிட்டேன்.

கைதட்டல் அடங்கியது. மேடை இருண்டது. "டோஃபு," என்று இவாசே கிசுகிசுத்தார். தள்ளினோம். பிள்ளைகளும் பின்னாலேயே வந்து அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

நான் குனிந்தபடியே, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போனேன். எல்லாம் சுண்ணாம்புக் கோட்டில் இருந்ததுபோலவே இருந்தது. ஒவ்வொரு பிரேக்காக அழுத்தினேன். கடைசி முரசில் ஒரு சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்கவில்லை. விட்டுவிட்டு வர முடியுமா? அவள் அடிக்கும்போது முரசு நகர்ந்தால்? மண்டியிட்டு விரலால் தடவினேன். சக்கர இடுக்கில் ஒரு பொடிக்கல். நம் பள்ளிக்கூட வாகன நிறுத்தத்துக் கல்தான். தொட்டாலே தெரியும். நகத்தால் நெம்பி எடுத்தேன், பிரேக்கை அழுத்தினேன், 'டக்' என்று விழுந்தது.

அந்த நொடி விளக்கு எரிந்தது.

மற்ற அப்பாக்கள் எல்லாரும் போய்விட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. வேலை முடிந்தது, விசிலுக்குப் பதிலாக விளக்கு வந்தது. உடம்பு தானாக நிமிர்ந்தது, முன்பக்கம் திரும்பியது, இடுப்பு வரை குனிந்து வணங்கியது.

சுண்ணாம்பு மேடையில் எல்லாம் இருந்தது, தொமோயே. பார்வையாளர்கள் மட்டும்தான் இல்லை.

நிமிர்ந்து பார்த்தால் மாடி வரை முகங்கள். என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கறுப்பு உடை போட்ட ஒருவர் மேடையில் நின்று வணங்குகிறார். மரியாதை தெரிந்த ஜனங்கள், கைதட்டினார்கள். அதற்குள் மறுபக்கத்திலிருந்து அரிமுரா சார் பாதி மேடைக்கு வந்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்து நின்றார். நான் அவருக்கும் வணங்கினேன். சனிக்கிழமைப் பழக்கம் அவரையும் விடவில்லை, பதிலுக்கு வணங்கினார். அவர் வணங்கிய பிறகு நான் சும்மா நின்றால் நன்றாக இருக்குமா? மறுபடி வணங்கினேன். டிரம்பெட் வரிசையில் யாரோ பழக்க தோஷத்தில் "ரொம்ப நன்..." என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

கை எட்டும் தூரத்தில் நாகிசா. முகம் காது வரை சிவந்திருந்தது. உதடு அசையாமல் சொன்னாள்:

"அப்பா. போதும். போங்க."

கூட்டத்துக்கு முதுகைக் காட்டக் கூடாதே என்று நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து வெளியே வந்தேன். திரைக்குப் பின்னால் இவாசே என் கோட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். "என்ன சார், அதுக்குள்ள வந்துட்டீங்க? பூச்செண்டு குடுக்கலயா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் அந்தக் கல்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்டது ஒரே ஒரு விஷயம். அதை எவ்வளவு பேர் முன்னிலையில் கெடுக்க முடியுமோ அவ்வளவு பேர் முன்னிலையில் கெடுத்தாயிற்று.

அப்புறம் அது வந்தது.

முதலில் வந்ததே தெரியவில்லை. காற்று கொஞ்சம் கனத்தாற்போல இருந்தது, அவ்வளவுதான். பிறகுதான் அது ஓசை என்று புரிந்தது. நம் வீட்டுப் பின்பக்க மலைக்கு அப்பால் மழை தொடங்கும்போது நீ "துணி" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடுவாயே, எங்களுக்கு எதுவும் கேட்பதற்கு முன்னால்? அந்த ஓசை. மெதுவாக மலையேறி, இறங்கி, பக்கத்தில் வந்தது. அதன்மேல் கிளாரினெட்டுகள் வந்து உட்கார்ந்தன. இவாசே என் கோட்டை இன்னும் விடவில்லை. "டோஃபு," என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

முடிவு உனக்கு முன்பே தெரியும். தங்கம் வாங்கிய பல பள்ளிகளில் நாமும் ஒன்று, ஆனால் தேசியப் போட்டிக்குப் போகும் தங்கம் இல்லை. பிள்ளைகள் அதை வீண் தங்கம் என்கிறார்கள். இதுவே கடைசிப் போட்டியான மூன்றாம் வருஷப் பிள்ளைகள் லாரிக்குப் பக்கத்தில் நின்று அழுதார்கள். அழுதுகொண்டே வாத்தியங்களை ஏற்றினார்கள். ஒரு கீறல்கூட விழவில்லை.

திரும்பும்போது நான் முன்னாலேயே ஏறி, என் பெட்டிகளுக்கு நடுவில் அடங்கிவிட்டேன். டிரம்பெட் பையன்கள் கண் வீங்கிய முகத்தோடு ஏறினார்கள். முதல் பையன் கடைசி வரிசை வரைக்கும் வந்து, என் முன்னால் நின்று, இடுப்பு வரை குனிந்து வணங்கினான். நானும் உட்கார்ந்தபடியே வணங்கினேன். அடுத்தவன் வந்தான். அதற்கும் அடுத்தவன். கிளாரினெட் பெண்களும் வந்துவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் கழுத்துதான் வலித்தது.

கடைசியாக நாகிசா. அவள் வணங்கவில்லை. தண்ணீர்ப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட ஏதாவது இருக்கா?"

நான் பிடித்துக் கொண்டுவந்த சோற்று உருண்டையைக் கொடுத்தேன். "இது என்ன ஷேப்பு?" என்றாள். பிறகு இரண்டு வாயில் தின்றுவிட்டாள்.

"கோவமா?" என்று கேட்டேன்.

"கோவமா? செத்துட்டேன்பா. வெக்கத்துல கை காலெல்லாம் துவண்டு போச்சு. கையில குச்சி இருக்கா இல்லயான்னே தெரியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, சார் கையத் தூக்கினாரு. துவண்ட கையாலயே வாசிச்சேன்." உருண்டைக்குள் இருந்த புளிப்புப் பழத்தின் கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். "எறங்கினதும் சார் கேட்டாரு, 'இத்தன மாசம் வராதது இன்னிக்கு எப்பிடி வந்துச்சு'ன்னு. நான் என்னத்தச் சொல்றது?"

"என்ன சொன்ன?"

"பழகிட்டேன் சார்னு சொன்னேன்."

சுரங்கப் பாதை வந்து போனது. அவள் தலை என் தோளில் சாய ஆரம்பித்திருந்தது.

"அடுத்த வருஷமும் வாங்க."

"வந்து வணங்கணுமா?"

உடனே நிமிர்ந்துவிட்டாள். "வணங்கக் கூடாது! சத்தியமா வணங்கக் கூடாது." மறுபடி சாய்ந்துகொண்டாள். "ஆனா, வணங்கிடுவீங்களோன்னு எனக்குப் பயமா இருக்கணும். அது போதும்."

இதுவரைக்கும் எழுதியதை நாகிசா என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துவிட்டாள். இரண்டு திருத்தம் சொல்கிறாள். அவள் முகம் காது வரை சிவக்கவில்லையாம், விளக்கு வெளிச்சமாம். அரங்கத்துக் கைதட்டலும் நான் எழுதியிருக்கிற மாதிரி பெரிசாக இல்லையாம். முன் வரிசையில் ஒரு பாட்டி தட்டினாராம், மற்றவர்கள் அவருக்காகத் தட்டினார்களாம். இரண்டையும் எழுதிவிட்டேன். எதை நம்புவது என்று நீயே முடிவு செய்துகொள்.

அந்தப் பொடிக்கல்லை இதோடு வைக்கிறேன். உறை புடைத்துக்கொண்டு நிற்கிறது. தபால் ஆபீசில் திட்டுவார்கள் என்கிறாள். ஒரு தபால்தலை அதிகமாக ஒட்டச் சொன்னேன். பசையைத் தடவிவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பயிற்சிக்குப் போகிற வழியில் அவளே பெட்டியில் போடுகிறாளாம். "சீக்கிரம்பா, கையெழுத்தப் போட்டுக் குடுங்க, நேரமாச்சு" என்று அவசரப்படுத்துகிறாள். அதனால் இத்துடன் நிறுத்தி, ஒட்டி, அவள் கையில் கொடுக்கிறேன்.

நாகிசா அப்பா