ஹெரான்ஸ் அணியின் வாய்ப்பூட்டு

ஹார்மன் ஹெரான்ஸ் பேஸ்பால் அணியின் சரித்திரத்தை எங்கள் ஊரில் எவனைக் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவான். பீர் ஆலைக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். மூன்றாம் வருஷம் மரக் கேலரி எரிந்தது. மற்ற வருஷமெல்லாம் தோற்றோம். ஹெரான் என்றால் கொக்கு. ஓடுமீன் ஓட உறுமீனுக்காகக் காத்திருக்கிற ஜாதி என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்வோம். அந்த உறுமீனுக்குப் பெயர் நோ-ஹிட்டர். நம் பந்துவீச்சாளன் வீசுவதை எதிரணியில் ஒருவன்கூட உருப்படியாக அடித்து முதல் பேஸுக்கு ஓடிச் சேரக் கூடாது. ஒன்பது இன்னிங்ஸும் அப்படியே முடிய வேண்டும். எங்களோடு ஆடுகிற அத்தனை அணிக்கும் அது வாய்த்திருந்தது. எங்களுக்கு மட்டும் இல்லை.

ஒரே ஒரு தடவை நெருங்கினோம். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால். கடைசி ஒருவன் அவுட்டாக வேண்டியதுதான் பாக்கி. கேலரியில் இருந்த ஜெப்சன் என்ற முடிதிருத்துகிறவர் எழுந்து நின்று, "டேய், நோ-ஹிட்டர்டா!" என்று கத்தித் தொலைத்தார். அடுத்த பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்தது. அதற்கப்புறம் ஊரில் ஒருத்தனும் அவரிடம் முடிவெட்டப் போகவில்லை. கிறிஸ்துமஸுக்குள் கடையை மூடிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டார்.

அப்படி ஒரு ஆட்டம் நடக்கும்போது அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. வீசுகிறவனிடம் பேசக் கூடாது, பக்கத்தில் உட்காரக் கூடாது, அவன் முகத்தைக்கூடப் பார்க்கக் கூடாது. பேஸ்பால் ஆடுகிற எல்லா ஊரிலும் இருக்கிற பழக்கம்தான். ஆனால் ஜெப்சனுக்கு அப்புறம் எங்கள் ஊரில் அது பைபிளுக்கு அடுத்தபடி ஆகிவிட்டது.

அந்த ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை வீசிக்கொண்டிருந்தவன் என் புருஷன் வெண்டல் குபிக்.

என்ன வெயில் அது, அப்பப்பா! ஏரிப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று வரவில்லை. ஆட்டக்காரர்களுக்கோ முழுக்கைக் கம்பளிச் சட்டை. எங்கள் மைதானத்தில் மனைவிமார் உட்காருவது எதிரணி ஆட்கள் உட்காரும் டக்-அவுட் பள்ளத்துக்கு மேலே. நம் ஆட்கள் உட்காரும் பள்ளம் நேர் எதிரே தெரியும். எட்டாவது இன்னிங்ஸில் நம் ஆட்கள் மட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெண்டல் பெஞ்சின் ஒரு கோடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் எல்லோரும் மறு கோடியில், ஐஸ் தண்ணீர் வாளியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். அதுவரை அவன் பந்தை ஒருவனும் அடித்திருக்கவில்லை.

பக்கத்தில் பெர்னிஸ். அவள் புருஷன் எமில்தான் வெண்டல் வீசும் பந்தைப் பிடிக்கிறவன். அவள் கண்ணை மடியிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க தோட்டத்துல இந்த வருஷம் முட்டைக்கோஸ் எப்படிடி?"

"நீ ஜென்மத்துல முட்டைக்கோஸ் தின்னதில்லையே பெர்னிஸ்."

"வாய மூடிக்கிட்டு முட்டைக்கோஸ் பத்திப் பேசுடி!"

சுற்றிலும் அப்படித்தான். ஒருவர் மச்சினனின் மூல வியாதியைப் பற்றி, இன்னொருவர் மீன் விலையைப் பற்றி. ஸ்கோர் பலகைப் பக்கம் ஒரு தலை திரும்பவில்லை. எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. என் புருஷன் பெயர் ஊர்ச் சரித்திரத்தில் ஏறப்போகிறதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆசை இல்லாமலா? அவனைவிட எனக்கு ஆசை.

அப்போதுதான் அவன் நெஞ்சுப் பக்கம் பார்த்தேன்.

சட்டை காய்ந்திருந்தது. எமில் சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும். வெண்டல் சட்டை இஸ்திரி போட்டு எடுத்த மாதிரி இருந்தது. மற்ற நாளென்றால் ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் யாராவது ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டை அவன் கழுத்தில் போடுவார்கள். இன்று போட்டால் துரதிர்ஷ்டம். அவனும் எழுந்து வாளிக்குப் போகக் கூடாது. முதலில் உட்கார்ந்த இடத்தை விட்டு நகர்ந்தால் அதுவும் துரதிர்ஷ்டம்.

"பெர்னிஸ், அவன் சட்டையப் பாரு."

"பாக்க மாட்டேன்."

"வேர்வையே இல்லடி. வேர்வை நின்னு போச்சு!"

"டோரி, உன் கால்ல விழறேன். பேசாத."

எங்கள் ஊர் இரும்பு உருக்காலை ஊர். உலைக்கு முன்னால் நிற்கிறவனுக்கு வியர்வை நின்றால், அவன் திமிறினாலும் இழுத்துப் போட்டுத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் கேலரியில் இருந்தவர்களில் பாதிப் பேர் தினமும் உலைக்கு முன்னால் நிற்கிறவர்கள். அத்தனை பேரும் முட்டைக்கோஸ் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். வெண்டல் எழுந்து நடந்தான். மைதானத்தின் நடுவில் வீசுகிற மேட்டில் ஏறினான். ஏறி, மட்டைக்காரனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தூரத்து வேலியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அன்று மூடியிருந்தது. எமில் குந்தி உட்கார்ந்தபடி தன் கையுறையை ஆராய்ந்துகொண்டிருந்தான். மேனேஜர் கிரேடி வானத்தைப் பார்த்தார். ஒரு ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது, ஒருத்தன்கூட அவனைப் பார்க்கவில்லை!

சோடா விற்கிறவனின் ஐஸ் வாளியைப் பிடுங்கினேன். கம்பியைத் தாண்டிக் குதித்தேன். செருப்பு ஒன்று எங்கேயோ போனது. ஓடிக்கொண்டே கத்தினேன்.

"நோ-ஹிட்டர் வீசறான்! நோ-ஹிட்டர்! சொல்லிட்டேன், போதுமா? இப்பவாவது அவனத் திரும்பிப் பாருங்கடா, பாவிங்களா!"

கேலரியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சவ ஊர்வலத்தில்கூட அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பீர் கோப்பை ஒன்று என் தோளில் பட்டுத் தெறித்தது. "நாசமாப் போறவளே!" என்று ஒரு பெண் குரல். அது பெர்னிஸ்.

வெண்டல் திரும்பி என்னைப் பார்த்தான். முகம் செங்கல் நிறம்.

"அம்மா, பஸ் வந்துடுச்சா?" என்றான். அப்படியே சரிந்தான்.

தொட்டால் அடுப்பைத் தொட்ட மாதிரி சுட்டது. ஐஸ் முழுவதையும் அவன் தலையில், நெஞ்சில் கொட்டினேன். சட்டையைக் கிழித்தேன். கிரேடி மூச்சிரைக்க ஓடிவந்தார். தூக்கிப் பிடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"இன்னும் மூணே மூணு அவுட்டும்மா! கொஞ்சம் பொறுக்கக் கூடாதா நீ?"

நான் அந்த மனிதர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணில் நிஜமாகவே கண்ணீர் இருந்தது. என் புருஷனுக்காக இல்லை.

ஆஸ்பத்திரியில் அவனை ஐஸ் தொட்டியில் போட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார் டாக்டர். அவனுக்குப் பதில் வந்தவனின் முதல் பந்தையே எதிரணி அடித்துவிட்டதாம். வாசலில் இருந்த காவல்காரர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

மறுநாள் காலை எமில் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டில் காலடியில் நின்றான்.

"ஊர்ல உன்ன ஜெப்சன்னு சொல்றாங்க, டோரி."

"சொல்லட்டும். நான் கடை எதுவும் வெக்கல."

"சத்தியமா எங்களுக்கு ஒண்ணும் தெரியல. தெரிஞ்சிருந்தா விட்டிருப்போமா? அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

ஆமாம், வெண்டல் சொல்லியிருக்கலாம்தான் என்று நினைத்தேன். ராத்திரி முழுக்க அவன் மேல் அந்தக் கோபமும் எனக்கு இருந்தது. பிடிவாதக்காரன், பெயருக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்துவிட்டானே என்று.

வெண்டல் கண்ணைத் திறந்தான். உதடு வெடித்திருந்தது.

"முடிச்சேனா?"

"இல்ல வெண்டல். நான்தான் ஓடிவந்து கெடுத்தேன். என்னத் திட்டணும்னா திட்டிடு."

அவன் திட்டவில்லை. கண் மெல்ல நகர்ந்து கட்டில் காலடியில் போய் நின்றது.

"எமில், தண்ணி கேட்டேனே," என்றான். குரலில் கோபம் இல்லை. குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது. "ஆறாவது இன்னிங்ஸ் முடிஞ்சு கேட்டேன். அப்புறமும் கேட்டேன். கண்ணு இருட்டுதுடான்னு சொன்னேன். எல்லாரும் அங்கதான இருந்தீங்க? ஒருத்தனும் திரும்பலயே."

எமில் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பி கையிலிருந்து விழுந்தது. நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூஜா உன் பக்கத்துலதான் இருக்கு எமில்," என்றேன். "ஊத்திக் குடு."

அவசரமாக ஊற்றினான். பாதித் தண்ணீர் போர்வையில் சிந்தியது. வெண்டல் மடக் மடக்கென்று குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று டம்ளரை மறுபடி நீட்டினான்.