சுரண்டப்பட்ட சிங்கம்

சேன் ஆற்றின்மேல் கவிந்த மூடுபனி இன்னும் கலையாதிருக்க, விறகேற்றிய படகுகள் பாலத்தின் கண்களுள் ஒவ்வொன்றாய் நுழைந்து மறைய, இருகரைக் கோயில்மணிகளும் ஒன்பதடித்து ஓய்ந்த இலையுதிர்காலக் காலையில், பாரிசு மாநகரம் தன் அலுவல்களுக்கு விரைந்துகொண்டிருந்தது. அறிவுசால் வாசகரே, அந்நகரில் அன்று அஞ்சி நடுங்கவிருந்த ஒருத்தியைக் காண நான்கு மாடி ஏறவேண்டும். மூச்சு வாங்கினால் என்னை நொந்துகொள்ளாதீர்.

ஒதீல் மொரான் என்னும் அக்கைம்பெண், எகிப்தியக் கல்லெழுத்துகளைப் படியெடுக்கும் ஓவியக்காரி. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி, உலர்ந்தபின் உரித்துக் கடல்கடந்து அனுப்பப்படும் அச்சுத்தாள்களைச் சாளரத்தொளியில் சாய்த்துப் பார்த்து, பறவையும் பாம்பும் நாணலுமாய்ப் புடைத்து நிற்கும் குறிகளை மையால் வரைந்து தருவாள். அன்று பிற்பகல் அறிஞர் அவையில் விரித்துக் காட்டவேண்டிய பெரும்படம் ஒன்றைப் பெற்றுச் செல்ல ஓபேன் தெர்வியே என்னும் அறிஞர் வந்திருந்தார்.

எவரும் படிக்கவியலாது பல நூற்றாண்டுகள் ஊமையாய்க் கிடந்த அவ்வெழுத்தில், நீள்வட்டக் கோட்டுக்குள் அடைபட்ட அரசர் பெயர்களாவது ஒலிகளால் எழுதப்பட்டவை என்பது அவர் துணிபு. ஓர் அரசியின் பெயரில் படுத்த சிங்கம் லகர ஒலி தருவதாக அவர் முன்பே கணித்திருந்தார். ஒதீல் இப்போது படியெடுத்த கல்லின் அடியிலோ கிரேக்க எழுத்தில் அரசன் பெயரும் இருந்தது. அதில் நான்காம் ஒலி லகரம். ஒதீலின் படத்திலும் நான்காம் குறி சிங்கம்!

"இந்தச் சிங்கம் மட்டும் இல்லேன்னா நான் வெறும் வாய்ச்சொல் வீரன்தான், மதாம். பத்து வருஷமா என்னைப் பார்த்துச் சிரிச்சவங்க வாயை இது அடைச்சிடும்," என்றார் அவர்.

ஒதீலுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அச்சுத்தாளில் சிங்கமே இல்லை. கல் அவ்விடத்தில் பொரிந்து உதிர்ந்திருந்தது. செப்புத்தகடு செதுக்குவோர் பட்டறையில் வளர்ந்தவள் அவள். தகட்டில் வெற்றிடம் விடுவது அங்கே பெரும் இழுக்கு. அகன்று கிடந்த அவ்விடத்தில் படுத்த சிங்கமொன்று பாங்காய்ப் பொருந்துமென்று கைபோன போக்கில் வரைந்துவிட்டாள். ஆறு வாரங்களாக அதை மறந்தும்போனாள், பாவி!

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அச்சுத்தாள் பேழைக்குள் இருந்தது. எரித்துவிட்டால் எவருக்குத் தெரியப்போகிறது? சொன்னால் இவர் வாழ்வு போகும், இனி எவரும் இவள் கையை நம்பி அச்சுத்தாள் தரமாட்டார். சொல்லாவிட்டால் அச்சம் நெடுநாள் கூடவே வரும். பேழையின் பூட்டைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"ஐயா, அந்தச் சிங்கம் கல்லுல இல்ல. நான்தான் போட்டேன்," என்றாள்.

அவர் கத்துவாரென்று காத்திருந்தாள். கத்தவில்லை, அதுவே அவளை இன்னும் அச்சுறுத்தியது. அவர் சிங்கத்தின்மேல் விரலை வைத்து, "சுரண்டிடுங்க," என்றார். அவள் கத்தியால் சுரண்டினாள். மை போயிற்று, தழும்பு நின்றது.

மூன்று மணிக்கு அவை கூடியது. பார்வையாளர் வரிசையின் கடைசிப் பலகையில் ஒதீல் ஒடுங்கி அமர்ந்தாள். எகிப்தியக் குறிகள் யாவும் ஒலியற்ற மறைபொருட் படங்களே என்று முழங்கி வந்த பெல்மோன் என்னும் முதுபேரறிஞர், தெர்வியே பேசி முடிக்குமுன்னரே படத்தருகே வந்து மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தினார்.

"இங்க எதையோ சுரண்டியிருக்கே, தெர்வியே. மாட்டிக்கிட்டீங்களா?"

தெர்வியே ஒதீலின் பக்கம் திரும்பவேயில்லை.

"சிங்கம் இருந்துச்சு. கல்லைப் பார்க்காம வரைஞ்சது, அதனால எடுத்துட்டேன். ஆனா என் கணக்கு சரின்னா, அங்க படுத்த சிங்கம்தான் இருந்தாகணும். வேற எது இருந்தாலும் நான் சொன்னது அத்தனையும் தப்பு."

அவை நகைத்தது. பெல்மோனுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தாற்போலாயிற்று. அதே கல் உதிருமுன் வழிப்போக்கன் ஒருவன் வரைந்த படி, மேலே அக்குறிப்போடு முத்திரையிட்ட சுருளாக அன்று காலைதான் அவைக்கு வந்திருந்தது. அத்தகைய சுருளை அவை நடுவே உடைப்பதே அங்கே முறை. அதைத் தாமே உடைப்பதாக அவர் முன்வந்தார். மெழுகு நொறுங்கிய ஓசையில் ஒதீல் கண்களை மூடிக்கொண்டாள். அங்கே பறவையோ பாம்போ இருந்துவிட்டால்? வாயைத் திறக்காதிருந்திருக்கலாமோ? தாள் விரியும் சரசரப்பு நின்றது.

"சிங்கம்," என்றார் பெல்மோன், தமக்கே சொல்லிக்கொள்பவர்போல. "படுத்திருக்கு."

படத்தில் சிங்கம் முன்னமே நின்றிருந்தால், அஃது ஒத்துப்போன இரு படங்களுள் ஒன்றாய் ஒழிந்திருக்கும். வெற்றிடமாய் நின்றதனாலன்றோ காணாததைக் கணித்துச் சொன்ன சான்றாயிற்று! அவை எழுந்து கைதட்ட, தெர்வியே நாற்காலியைப் பற்றியவாறு அழுதார்.

ஒதீல் கைதட்டவில்லை. தான் வரைந்தது சரியாகவே இருந்ததென்னும் எண்ணம் அவளுக்கு ஆறுதல் தராது, மேலும் அச்சமே தந்தது. ஏனெனில் வரைந்தபோது அவள் அதை அறிந்திலள். அதன்பின் அவள் படியெடுத்த ஆயிரம் குறிகளினிடையே, கல் உதிர்ந்த இடங்களெல்லாம் வெள்ளையாகவே நின்றன. அவ்வெள்ளையைக் கடக்கும்போதெல்லாம் அவள் கை சிறிது நடுங்கும். அந்நடுக்கம் அவளுக்கு இறுதிவரை தீரவேயில்லை.